இரவல் பெருமூச்சு

காதலித்துத் தோற்றவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்களைப் பார்த்து அழுகிறவர்கள் அதைவிட நிறையப் பேர். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அந்த இனத்தைச் சேர்ந்தவர் யாரையும் காதலித்திருக்க மாட்டார். ஆகவே தோற்றிருக்கவும் வழியில்லை. வீட்டில் பார்த்து வைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டி பெற்று, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிற மனிதர்தான். ஆனாலும் பழைய காதல் படம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கடைசியில் அதில் வருகிறவன் பட்ட பாட்டையெல்லாம் தன் பெயருக்கு எழுதிக்கொண்டிருப்பார். இவருக்கு இரவல் பெருமூச்சுக்காரர் என்று பெயர் வைப்போம்.

அடையாளம் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. எங்கேயாவது ஒரு பழைய பாட்டு கேட்டால் போதும், வாய்க்குப் போய்க்கொண்டிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நிற்கும். பார்வை ஜன்னலுக்கு வெளியே போகும். ஜன்னல் இல்லாத வீடென்றால் சுவருக்குப் போகும். "என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்கிற விதத்தில் முழுப் படமும் ஓடி முடிந்துவிடும். சரி, யாருமே கேட்கவில்லையென்றால்? கேட்கிறவரைக்கும் பெருமூச்சு விடுவார்.

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையில் தெஹியோவிட்டை என்ற ஊருக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போக வேண்டும். அங்கே, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் அறையில் வேலை செய்த கன்னையாதான் நம்முடைய ஆள்.

அந்தச் சபரகமுவ மாகாணத்து மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? விடியற்காலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் அன்றைக்குப் பால்வெட்டு கிடையாது. வெட்டினால் பால் சிரட்டைக்கு வராமல் பட்டையெல்லாம் வழிந்து மழைத் தண்ணீரோடு போய்விடும். காலையில் பேர் பதிகிற பிரட்டுக் களத்தில் கூடிய சனம் வானத்தை ஒரு பார்வை பார்க்கும், கணக்கப்பிள்ளையை ஒரு பார்வை பார்க்கும். அவர் இரண்டு கையையும் விரிப்பார். அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. சம்பளமில்லாத நாளில் சனம் என்ன செய்யும்? அழும் என்கிறீர்களா? சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அவரவர் வீட்டில் அல்ல, ஜோன் வீட்டில் கூடி உட்கார்ந்து அழும்.

ஜோன் தோட்டத்து லொறி டிரைவர். குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்த கொழுந்தியாள் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் ஒரு டீவியும் டெக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே மூன்று கஸெட்டுகள். அதில் ஒன்று யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ. இன்னொன்று பாதிச் சண்டையிலேயே நின்றுவிடும். மூன்றாவதுதான் நம்முடைய படம். அது பிரதிக்குப் பிரதி எடுத்த கஸெட். பெயர் வருகிற தொடக்கப் பகுதியை டெக் முதல் நாளே மென்று துப்பிவிட்டது. அதனால் படத்தின் பெயர் அப்போது தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் கோச்சி, அதாவது ரயில், வருகிறது, ஆகவே கோச்சிப் படம் என்று பெயர் வைத்தார்கள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வாத்தியார், ஒரு பெண். இருவருக்கும் பிடித்துப்போகிறது. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில் அவன் சொல்வதில்லை. அவளை வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கிறார்கள். கடைசியில் கொட்டுகிற மழையில், கையில் இருக்கிற குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல், அவன் ஸ்டேஷனில் நிற்கிறான். ஜன்னலோரத்தில் அவள். கோச்சி மெல்ல நகர்கிறது. அவன் நிற்கிறான். அவ்வளவுதான் படம். இதற்கா என்று கேட்காதீர்கள். இதற்குத்தான்.

தோட்டத்துக்கு அந்தப் படத்தின் மேல் இருந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. வசனங்கள் டீவியிலிருந்து வருவதற்கு முன்னால் பாயிலிருந்து வரும். ஜோனின் மனைவி ரோசலின் சோக இடம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அழ ஆரம்பித்துவிடுவாள். கேட்டால், அப்போது அடுப்பில் வேலையிருக்கும், இப்போதே அழுதுவிட்டால் நல்லது என்பாள். கொழும்பில் கடையில் வேலை செய்த அஜந்தன் ஒருமுறை, கதையைச் சொல்லித் தேடிப் பிடித்து, அதே படத்தின் புத்தம்புதிய சீடி ஒன்றைக் கொண்டுவந்தான். கோடும் இல்லை, நடுக்கமும் இல்லை, கண்ணாடி மாதிரி படம். சனம் கால்மணி நேரம் பொறுமையாகப் பார்த்தது. பிறகு "இது என்னமோ நம்ம படம் மாதிரி இல்லையே" என்றது. கஸெட்டில் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்போதும் ஒரு பச்சைக் கோடு ஓடும். சீடியில் அது இல்லாமல் அவளைப் பார்த்தால் அழுகை வரமாட்டேனென்றது. சீடி அஜந்தனோடு கொழும்புக்கே திரும்பிப் போனது.

இந்தக் கூட்டத்தில்தான் கன்னையாவும் ஒருவராக, பின் வரிசையில், யாராலும் கவனிக்கப்படாமல் உட்கார்ந்திருந்தார். புகையறையில் வேலை செய்கிறவருடைய கண் எப்போதும் சிவந்து கலங்கித்தான் இருக்கும். ஒரு மழைநாளில் கோச்சி நகரும் நேரம் பார்த்து அவர் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த கிருஷ்ணராஜ் என்ற இளைஞன், அப்போதுதான் சொந்தமாக ஒரு காதலில் மாட்டிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தவன், இதைப் பார்த்துவிட்டான்.

"கன்னையாண்ணே, ஒங்களுக்கும் இப்புடி ஏதாவது…?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். புகை என்று சொல்லியிருக்கலாம். கன்னையா பெருமூச்சு மட்டும் விட்டார். அடுத்த மழைநாளில் அவருக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒரு பொய்யைச் சொல்வது வேறு, வளர விடுவது வேறு. கன்னையா எதையும் பாய்ந்து சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர விட்டார். முதல் மழையில் பெருமூச்சு. அடுத்த மழையில் "அவ கப்பலேறிப் போயிட்டா" என்று ஒரு வரி. எழுபதுகளில், இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பாஸ்போட் வந்து, தலைமன்னார் கோச்சியிலும் பிறகு கப்பலிலும் ஏற்றப்பட்டு இந்தியாவுக்குப் போனவர்கள் இல்லாத லயம், தொழிலாளர் வரிசை வீடு, ஒன்று இந்த நாட்டில் உண்டா? ஒருவரும் சந்தேகப்படவில்லை. அதற்கடுத்த மழையில் அவளுக்கு விலாசம் கிடைத்தது: கீழ்க்கணக்கு. தோட்டத்தின் கீழ்ப்பகுதியான அந்தக் கணக்கில் இருந்த சனம் மொத்தமாகக் கப்பலேறி, லயங்களில் காடு மண்டிக் கிடந்தது. விசாரிக்க ஆளில்லாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த புத்திசாலித்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கடைசியாகப் பெயர். "பேரச் சொல்லுங்கண்ணே" என்று இளவட்டங்கள் தொல்லை பண்ணியபோது, கன்னையா கூரையைப் பார்த்து, தொண்டையைச் செருமி, "பவளம்" என்றார். 

அதற்குப் பிறகு அவருக்கு வந்த மதிப்பைப் பார்க்க வேண்டுமே! காதலில் விழுந்த பையன்கள் யோசனை கேட்க அவரிடம்தான் வந்தார்கள். "சொல்லிரு தம்பி. நா சொல்லல. அதான் இன்னிக்கி இப்புடி ஒக்காந்திருக்கேன்" என்பார். எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால், ரோசலின் சீனி போட்டுக் கொடுத்த தேநீரோடு, ஜோனின் ஒரே நாற்காலியில், சௌகரியமாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

இதற்கெல்லாம் அவருடைய மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். சுப்பம்மா எதுவும் சொல்லவில்லை. படம் ஓடும்போது அவளும் வருவாள், சுளகில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்குவாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டாள். புருஷன் சிறுத்தையை விரட்டிய கதை, துரையிடம் இங்கிலீஷ் பேசிய கதை எல்லாவற்றையும் எந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தாளோ, பவளத்தையும் அந்தப் பெட்டியிலேயே போட்டுப் பூட்டிவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். வீட்டுக்கு விறகு இல்லை, கூரை ஒழுகுகிறது என்று புருஷனைக் கொஞ்சம் குரல் உயர்த்தித் திட்டினால்கூட, லயத்தில் பக்கத்து அறை, பக்கத்துக் காம்பராப் பெண்கள் தலையை நீட்டி, "விட்ரு சுப்பம்மா, மனசொடிஞ்ச மனுசன்" என்றார்கள். கட்டின புருஷனோடு நிம்மதியாக ஒரு சண்டை போட முடியாத வாழ்க்கையும் ஒரு வாழ்க்கையா?

இப்படியே மழையும் படமுமாகப் பத்து வருஷம் போனது. இரண்டாயிரத்து மூன்றில், வடக்கில் சண்டை ஓய்ந்திருந்த சமயம், இந்தியாவிலிருந்து சனம் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்துபோகத் தொடங்கியது. ஒரு மழைநாளில், ஜோன் வீட்டில் வாத்தியார் பாலத்தின் மேல் நின்று வசனம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கிருஷ்ணராஜ் நனைந்தபடி ஓடிவந்தான்.

"டெக்க நிப்பாட்டுங்க! கீழ்க்கணக்க பாக்க வேன்ல ஒரு அம்மா வந்திருக்காங்க. இந்தியாவுல கோத்தகிரியாம். பக்கத்துத் தோட்டத்துச் செல்லையாவோட ஒண்ணுவிட்ட அக்காவாம். பொறந்த லயத்தப் பாக்கணுமாம்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "பேரு பவளமாம்!"

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அத்தனை ஆயிரம் பேர் கப்பலேறியதில் ஒரு பவளம் இல்லாமல் போவாளா? ஆனால் அந்த நேரத்தில் யோசிக்கிற நிலைமையில் யார் இருந்தார்கள்? எல்லாத் தலைகளும் கன்னையாவின் பக்கம் திரும்பின. கன்னையா நாற்காலியில் இருந்தபடியே எங்கேயாவது போய்விட முடியுமா என்று பார்த்தார்.

அந்த அம்மாளைப் போய்க் கூட்டிவந்தது யார் தெரியுமா? சுப்பம்மாதான். இன்றைக்குத்தான் புருஷனுடைய பெட்டியைத் திறந்து ஊருக்குக் காட்டப்போகிறோம் என்ற உற்சாகம் அவளுக்கு. "யாரு இவரு?" என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பத்து வருஷத்து மனசொடிந்த மனுஷன் அன்றோடு ஒழிந்தான்; நாளையிலிருந்து நிம்மதியாகத் திட்டலாம். தன் காம்பராவில் பாய் விரித்து அவளை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, வாசல் அடைக்க நின்ற தோட்டத்தின் முன்னிலையில் ஆரம்பித்தாள்.

"அக்கா, நீங்க இருந்தது கீழ்க்கணக்குதானுங்களே?"

"ஆமாம்மா. இப்ப அங்க ஒண்ணுமே இல்ல. எங்க காம்பரா எதுன்னுகூடத் தெரியல."

"எங்க வீட்டுக்காரரு ஒங்களப் பத்திப் பேசாத மழ நாளே இல்லீங்க."

"என்னப் பத்தியா?"

"ஆமாங்க. நீங்க கோச்சியேறுன அன்னிக்கி மழையில கொடய விரிக்காம நின்னாராம். இன்னிக்கி வரைக்கும் நெனச்சி நெனச்சி அழுவுறாரு. அந்தா, அந்த மூலையில நிக்கிறாரு பாருங்க. ஞாவகம் இருக்கா?"

பவளம் திரும்பிப் பார்த்தாள். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, தேயிலைத் தோட்டத்தில் தேய்ந்த விரல்கள். கன்னையா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். 'இல்லைன்னு சொல்லிரும்மா' என்று ஒரு மனம் கெஞ்சியது. 'சொல்லிராதம்மா' என்று இன்னொரு மனம் கெஞ்சியது. பவளம் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கொடய விரிக்காமலா நின்னாரு?" என்று கேட்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இருக்கும்மா. எப்புடி மறக்க முடியும்?"

வாசலில் நின்ற ரோசலின் ஓவென்று அழுதாள். கிருஷ்ணராஜ் மூக்கை உறிஞ்சினான். கன்னையா வாயைத் திறந்தார். 'அம்மா, நான் உங்களைப் பார்த்ததே இல்லை' என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் அப்போது வந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தவர் யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. அவர் வாயை மூடிக்கொண்டார். சுப்பம்மா அந்த முகத்தையும் பார்த்தாள், இந்த வாயையும் பார்த்தாள். அடுப்படிக்குள் போனாள்.

அன்றிலிருந்து சுப்பம்மா மரியாதையாக நடந்துகொண்டாள். திட்டுகிற மனைவி மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, குழம்பில் உப்புச் சரியாக இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த கன்னையா வழிக்கு வந்தார்.

"இந்தா சுப்பம்மா, அது பொய்யி."

"எது?"

"பவளம்."

"பவளம் பொய்யா? நாந்தானே என் கையால தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன்?"

"அவுங்க நெசம். நா சொன்னது பொய்யி. எம் மனசுல ஒன்னத் தவுர வேற யாரும் இருந்ததே இல்ல, சத்தியமா."

சுப்பம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இது பாலத்துக்கிட்ட வாத்தியாரு சொல்றது" என்றாள். கன்னையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால், ஆமாம், எழுத்துப் பிசகாமல் வாத்தியார் சொல்வதுதான். பத்து வருஷமாக வாயைத் திறந்தாலே படம் வந்துகொண்டிருந்தவருக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உண்மையைச் சொல்ல வாய் தேடியபோது, சொந்தமாக ஒரு சொல் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் சுப்பம்மா ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு றக்வானையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கோகிலாவிடம் புறப்பட்டாள். எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, "ஒங்களுக்கென்னங்க, நெனச்சிக்கிட்டு இருக்கத்தான் ஆளு இருக்கே" என்றாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் புகையறையில் நின்ற கன்னையாவுக்குக் கை கால் ஓடவில்லை. அவள் திரும்பி வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, புகை நாறும் சட்டையோடு தெஹியோவிட்டைக்கு ஓடினார்.

அவிசாவளை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் சுப்பம்மா. சந்தியில் நின்ற தோட்டத்துச் சனம் விலகி வழிவிட்டது; ஜோன் லொறியை ஓரங்கட்டி இறங்கிவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த காட்சியல்லவா? தூறலும் சரியாக அந்த நேரம் பார்த்து விழுந்தது. கன்னையா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய கால்களுக்கு நன்றாகத் தெரியும். நிற்க வேண்டும். பஸ் நகர வேண்டும். அவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். என்ன அழகான முடிவு!

"நகின்ன, நகின்ன!" என்று கண்டக்டர் சிங்களத்தில் ஏறச்சொல்லி அவசரப்படுத்தினான்.

சுப்பம்மா ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள். "என்ன, இங்கயும் நிக்கவா போறீங்க?"

கன்னையா ஏறினார். சந்தியில் நின்றவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். படத்தில் அப்படி இல்லையே!

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவர், இந்த முறை வாத்தியாரைக் கூப்பிடாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னார். "பவளம்னு யாரும் இல்ல. அது எங்கப்பா வளத்த பசு. செவலப் பசு. எனக்குப் பத்து வயசுல அத வித்துட்டாரு. லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. நா பின்னாலயே ஓடுனேன். பேரு கேட்டாய்ங்கல்ல, வாய்க்கு அதுதான் வந்திச்சி."

சுப்பம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறாள் என்று கன்னையா பயந்துபோனார். அவள் திரும்பியபோதுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறாள்.

"அட பாவி மனுசா! இத்தன வருசமா எனக்கு ஒரு மாடா சக்களத்தி?"

"மெதுவாப் பேசு. சனம் பாக்குது."

"மாட்டுக்கு அழுவுறதுன்னா மாட்டச் சொல்லியே அழுதிருக்கலாம்ல?"

"மாட்டப் பத்திச் சொன்னா யாரு கேப்பா சுப்பம்மா?"

 முன்வரிசையும் நாற்காலியும் சீனி போட்ட தேநீரும் மாட்டுக்காக அழுகிறவனுக்குக் கிடைக்குமா?

கொஞ்ச தூரம் போன பிறகு சுப்பம்மாவின் சிரிப்பு நின்றது. "அப்ப அந்தம்மா ஏன் ஆமான்னு சொன்னாங்க?"

கன்னையாவுக்கு அது தெரிந்திருந்தது, சொன்னார். சுப்பம்மா அடுப்படிக்குள் போன பிறகு பவளம் துண்டு துண்டாகச் சொன்னதுதான். பாஸ்போட் வந்த அவசரத்தில் யாரென்றே தெரியாத ஒருவருக்குக் கட்டிவைத்து அனுப்பினார்கள். லயமே கிளம்பிய நாளில், தனியாக அவளுக்கென்று நின்று அழ ஒருவரும் மிஞ்சவில்லை. அங்கே போனால் சிலோன்காரி என்றார்கள். புருஷனும் போய்விட்டான். முப்பது வருஷம் கழித்து வந்து பார்த்தால் பிறந்த காம்பராவும் இல்லை. அப்படிப்பட்டவளிடம், ஒரு மனுஷன் மழையில் குடையை விரிக்காமல் நின்றான், இன்றைக்கு வரைக்கும் உன்னை நினைத்து அழுகிறான் என்று சொன்னால், 'அது நானில்லை' என்று சொல்லுவாளா? நீங்கள் சொல்லுவீர்களா?

அவிசாவளையில் இறங்கி, றக்வானை பஸ்ஸைத் தேடாமல், இருவரும் ஒரு கடையில் தேநீர் குடித்தார்கள்.

"நா அந்தம்மாக்கிட்ட உண்மையச் சொல்லிறட்டா?" என்று கேட்டார் கன்னையா.

"சொன்னீங்க, கொன்னே போட்ருவேன்" என்றாள் சுப்பம்மா. "வெள்ளிக்கெழம அவங்க ஊருக்குப் போறாங்க. நீங்க சந்தியில வந்து நின்னு ஒழுங்கா அழுவுறீங்க."

வெள்ளிக்கிழமை பார்த்து வெயில் கொளுத்தியது. சுப்பம்மா விடவில்லை, ஒரு குடையைக் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்து, "விரிக்காம நில்லுங்க" என்றாள். வெயிலில் விரிக்காத குடையோடு கன்னையா நின்றார். பின்னால் தோட்டமே நின்றது. வேன் வந்து ஓரமாக நின்றது. பவளம் ஜன்னலோரத்தில் இருந்தாள், புதுச் சேலை உடுத்தி, தலையில் பூ வைத்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

கன்னையா அழப் பார்த்தார். வரவில்லை. வாத்தியாரை நினைத்தார், வரவில்லை. பசுவை நினைத்தார், அதுவும் வரவில்லை. சுப்பம்மா முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். வலித்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பத்து வருஷம் மழை தவறாமல் அழுத மனுஷன், அழவேண்டிய ஒரே நாளில் மரம் மாதிரி நின்றார். வேன் மெல்ல நகர்ந்தது. ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

அப்போது பக்கத்தில் ஒரு கேவல் கேட்டது. சுப்பம்மா. படம் ஓடிய இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு விடாதவள், நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அழுதாள். "பாவம் சுப்பம்மா, சக்களத்தி போறதுக்கும் அழுவுறா பாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பவளம் போகிறபோக்கில் அதையும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கன்னையா முதலில் இதுவும் நடிப்பு என்று நினைத்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுபத்திரண்டில் சுப்பம்மாவின் அக்காவும் அந்தத் தலைமன்னார் கோச்சியில்தான் ஏறிப் போனாள். அக்காவுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை, இவளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. போனவளிடமிருந்து பிறகு ஒரு சேதியும் இல்லை. கல்யாணமான புதிதில் சுப்பம்மா ஒருமுறை இதைச் சொன்னாள். ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகு எத்தனை மழை, எத்தனை கோச்சி! அவள் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவரோ, இல்லவே இல்லாத ஒருத்திக்காகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. குடையை விரித்து அவளுக்குப் பிடித்தார். 

"சுப்பம்மா, ஒங்கக்கா பேரு என்னா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளக் கன்னையாவுக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

"முத்துப்பேச்சி" என்றாள்.

அதற்குப் பிறகும் மழை பெய்தது, படமும் ஓடியது. கன்னையா பின்வரிசைக்குப் போய்ச் சுப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கப் பழகிக்கொண்டார். முன்வரிசை நாற்காலி நெடுநாள் காலியாக இருக்கவில்லை. கிருஷ்ணராஜ் அதில் போய் உட்கார்ந்தான். அவன் காதலித்த பெண்ணையே கட்டிக்கொண்டவன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனாலும் கோச்சி நகரும்போது அவனும் கூரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். இனம் அழியவில்லை.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? கோச்சிப் படம் நீங்கள் பார்த்ததில்லைதான். ஆனால் உங்களுக்கென்று ஒரு படம் இருக்குமே. அதில் மழையும், மழைக்கு ஏற்ற ஒரு பாட்டும், அந்தப் பாட்டுக்கென்று நீங்கள் எடுத்து வைத்திருக்கும் ஒரு பெருமூச்சும் இருக்குமே. போன வாரம்கூட அதை விட்டீர்கள், கோப்பை பாதி வழியில் நின்றது. அந்தப் பெருமூச்சுக்கு உரியவர் யார் என்று நாம் கேட்கப்போவதில்லை, பயப்பட வேண்டாம். அந்த நேரம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது நினைவிருக்கிறதா?